மான்டி ஹால் புதிரை முறையாகத் தீர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்று மூடிய கதவுகள் இருக்கின்றன. ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். போட்டியாளர் ஒரு கதவைச் சொல்கிறார். கார் எங்கே இருக்கிறது என்பதை அறிந்த தொகுப்பாளர், போட்டியாளர் சொன்ன கதவைத் தொடாமல், மற்ற இரண்டில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, “சொன்னதிலேயே நிற்கிறீர்களா, மூடியிருக்கும் மற்றொரு கதவுக்கு மாறுகிறீர்களா?” என்று கேட்கிறார். மாறினால் கார் கிடைக்கும் நிகழ்தகவு 2/3, நின்றால் 1/3.

இந்த விடையை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் புதிரில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றிக் கேட்டால் அவர்களில் பலர் பழைய விடையையே திரும்பச் சொல்வதையும், புதிதாகக் கேட்பவர்கள் “மிச்சம் இரண்டு கதவு, ஆகவே பாதிக்குப் பாதி” என்ற இடத்திலேயே நின்றுவிடுவதையும் கற்பிக்கும்போது தொடர்ந்து பார்த்து வருகிறேன். இரு தரப்பினரின் தடுமாற்றத்துக்கும் காரணம் ஒன்றுதான்: தொகுப்பாளர் எந்த விதிப்படி கதவைத் திறக்கிறார் என்பதை எழுதிக்கொள்ளாமல் கணக்கில் இறங்குகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி வேலையின் வரிசையைப் பற்றியது. வரிசையை மாற்றாமல் செய்தால், இந்தப் புதிரையும் இதன் உறவுப் புதிர்களையும் நீங்களே தீர்க்க முடியும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு தாள், பேனா, சீட்டுக்கட்டிலிருந்து ஓர் ஏஸும் வேறு இரண்டு சீட்டுகளும், ஒரு பகடை, ஒரு நாணயம், கூட விளையாட ஒருவர். கணிதத்தில் பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் தெரிந்தால் போதும். பத்தாம் வகுப்பில் படித்த கூறுவெளியும் மர வரைபடமும் நினைவிருந்தால் வேலை எளிதாகும். மறந்திருந்தாலும் 3ஆம் படியில் அவற்றையே செய்து பார்க்கப்போகிறோம்.

1. தொகுப்பாளரின் விதிகளை முதலில் எழுதுங்கள்

தாளின் மேற்பகுதியில் பின்வரும் ஐந்தையும் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். கார் மூன்று கதவுகளில் எதன் பின்னாலும் சம வாய்ப்புடன் வைக்கப்படுகிறது. கார் இருக்கும் இடம் தொகுப்பாளருக்குத் தெரியும். போட்டியாளர் எதைச் சொன்னாலும், தொகுப்பாளர் ஒவ்வொரு முறையும் ஒரு கதவைத் திறந்து, மாறும் வாய்ப்பையும் கொடுத்தே ஆக வேண்டும். அவர் திறக்கும் கதவு போட்டியாளர் சொன்னதாகவும் இருக்கக்கூடாது, கார் இருப்பதாகவும் இருக்கக்கூடாது. திறக்கத் தகுந்த கதவுகள் இரண்டு இருந்தால், இரண்டில் ஒன்றைச் சம வாய்ப்புடன் தேர்ந்தெடுக்கிறார்.

இதை எழுதாமல் கடப்பதுதான் மிகப் பெரிய பிழை. 1990 செப்டம்பரில் அமெரிக்காவின் பரேட் இதழில் வாசகர் வினாக்களுக்கு விடையளித்துவந்த மேரிலின் வாஸ் சாவந்த், இந்தப் புதிருக்கு “மாறுவதே நல்லது” என்று விடையளித்தபோது ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்தன; பெரும்பாலானவை அவர் விடையை மறுத்தன. எழுதியவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அங்கே அச்சான வினாவில் தொகுப்பாளருக்குக் கார் இருக்கும் இடம் தெரியும் என்பது இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்பது சொல்லப்படவில்லை. மறுத்தவர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியைக் கவனித்து மறுக்கவில்லை என்றாலும், இடைவெளி இருந்தது உண்மை. புதிருக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் மான்டி ஹாலே 1991இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு இதைத்தான் விளக்கினார்: தொகுப்பாளர் எப்போதும் கதவைத் திறந்து வாய்ப்பளிக்கக் கட்டுப்பட்டவர் என்றால் மாறலாம், வாய்ப்பளிப்பது அவருடைய விருப்பம் என்றால் போட்டியாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

2. போட்டியாளரின் கதவை நிலைப்படுத்துங்கள்

போட்டியாளர் 1ஆம் கதவைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் சம வாய்ப்புடன் வைக்கப்படுவதால் கதவு எண்கள் வெறும் பெயர்கள்தான். 2ஆம் கதவைச் சொன்னாலும் இதே கணக்கு வேறு எண்களுடன் வரும். இதை நிலைப்படுத்தாமல் எழுதத் தொடங்குபவர்கள் பன்னிரண்டு வரி கொண்ட பட்டியலில் சிக்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

3. கிளைகளையும் அவற்றின் எடைகளையும் எழுதுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள்; பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நேர்கிறது.

முதலில் கார் எங்கே என்று மூன்று கிளைகள் வரையுங்கள், ஒவ்வொன்றுக்கும் 1/3. பிறகு ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தொகுப்பாளர் என்ன செய்யலாம் என்பதை 1ஆம் படியில் எழுதிய விதிகளைப் பார்த்து வரையுங்கள். கார் 1இல் இருந்தால் அவர் 2ஐயும் திறக்கலாம், 3ஐயும் திறக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 1/2. கார் 2இல் இருந்தால் 3ஐ மட்டுமே திறக்க முடியும். கார் 3இல் இருந்தால் 2ஐ மட்டுமே திறக்க முடியும். கிளை வழியே பெருக்கினால் நான்கு வரிகள் கிடைக்கும்; ஒவ்வொரு வரியின் கடைசி எண்ணே அதன் எடை, அதாவது நிகழ்தகவு:

கார் 1, திறப்பது 2: 1/3 × 1/2 = 1/6
கார் 1, திறப்பது 3: 1/3 × 1/2 = 1/6
கார் 2, திறப்பது 3: 1/3 × 1 = 1/3
கார் 3, திறப்பது 2: 1/3 × 1 = 1/3

நான்கையும் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கிளையை விட்டுவிட்டீர்கள் அல்லது இரண்டு முறை எழுதிவிட்டீர்கள். அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இப்போது வழக்கமான பிழையைக் கூர்ந்து பாருங்கள். நான்கு வரிகள் இருக்கின்றன, அவற்றில் இரண்டில் நின்றால் வெற்றி, இரண்டில் மாறினால் வெற்றி, ஆகவே 2/4 என்று சொல்பவர்கள் வரிகளை எண்ணுகிறார்கள், எடைகளைக் கூட்டுவதில்லை. வரிகளை எண்ணி விடை காண்பது, எல்லா வரிகளும் சம வாய்ப்புடையவையாக இருந்தால் மட்டுமே செல்லும். இங்கே முதல் இரண்டு வரிகள் ஒரே 1/3ஐப் பங்கிட்டுக்கொண்டவை. கார் 1இல் இருக்கும்போது தொகுப்பாளருக்கு இரண்டு வழிகள் இருப்பதால், கார் 1இல் இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காகிவிடாது. சுருங்கச் சொன்னால், தொகுப்பாளருக்குக் கிடைக்கும் சுதந்திரம் வரிகளைப் பெருக்குகிறது, நிகழ்தகவைப் பெருக்குவதில்லை.

பின்னங்களில் கை ஓடாதவர்கள் 600 ஆட்டங்கள் நடந்ததாக எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் சராசரியாக 200 ஆட்டங்களில் கார் 1இல் இருக்கும். அந்த 200இல் 100 முறை 2 திறக்கும், 100 முறை 3 திறக்கும். கார் 2இல் இருக்கும் 200 ஆட்டங்களிலும் 3 திறக்கும். கார் 3இல் இருக்கும் 200 ஆட்டங்களிலும் 2 திறக்கும். என் அனுபவத்தில் பின்னங்களைவிட இந்த முழு எண்கள் வேகமாகப் பிடிபடுகின்றன.

4. பார்த்ததை நிபந்தனையாக இடுங்கள்

தொகுப்பாளர் 3ஆம் கதவைத் திறந்துவிட்டார் என்று வைப்போம். 3 திறக்காத வரிகளை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது 1/6 எடையுள்ள “கார் 1” வரியும், 1/3 எடையுள்ள “கார் 2” வரியும். இவற்றின் கூட்டுத்தொகை 1/2. ஒவ்வொன்றையும் அந்த 1/2ஆல் வகுத்தால், கார் 1இல் இருப்பது 1/3, கார் 2இல் இருப்பது 2/3. 600 ஆட்டக் கணக்கில் சொன்னால், 3 திறந்த 300 ஆட்டங்களில் 100இல் நின்றவருக்குக் கார், 200இல் மாறியவருக்குக் கார்.

வகுப்பதற்குக் காரணம் உண்டு. அடித்த வரிகள் போனபின் மிஞ்சியவற்றின் மொத்தம் 1 ஆக இருப்பதில்லை. அவற்றை மீண்டும் 1க்குக் கொண்டுவரத்தான் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். பேயீஸ் தேற்றம் என்று மேல்நிலை வகுப்பில் சூத்திரமாக வரும் செயல் இதுவே. சூத்திரத்தை நினைவில் வைத்திருப்பவர்களும் மரத்தை வரைந்து பார்ப்பது நல்லது, ஏனெனில் சூத்திரத்தில் எந்த எண்ணை எங்கே இடுவது என்பதில்தான் அவர்கள் குழம்புகிறார்கள்.

இங்கே நேரும் இன்னொரு பிழை, “3இல் ஆடு இருக்கிறது” என்பதை நிபந்தனையாக இடுவது. அப்படி இட்டால் கார் 1, கார் 2 ஆகிய இரண்டும் 1/3 எடையுடன் மிஞ்சி, விடை 1/2 வந்துவிடும். நாம் அறிந்தது அதைவிட அதிகம்: 3இல் ஆடு இருக்கிறது என்பது மட்டுமல்ல, விதிகளுக்குக் கட்டுப்பட்ட தொகுப்பாளர் 2ஐ விட்டு 3ஐத் திறந்தார் என்பதும் நமக்குத் தெரியும். நிபந்தனையாக இட வேண்டியது, கண்ணால் கண்ட முழு நிகழ்ச்சியை.

5. குறுக்குவழியை இப்போது கற்றுக்கொள்ளுங்கள், முன்னதாக வேண்டாம்

முதலில் சொன்ன கதவு தவறாக இருக்கும் வாய்ப்பு 2/3. அது தவறு என்றால், தொகுப்பாளர் மற்ற ஆட்டைத் திறந்து காட்டிவிடுவதால், மாறுபவருக்குக் கார் நிச்சயம். அது சரி என்றால் மாறுபவருக்கு ஆடு நிச்சயம். ஆகவே மாறுபவர் வெல்லும் வாய்ப்பு, முதலில் தவறாகச் சொல்லும் வாய்ப்புக்குச் சமம்.

இது அழகான வாதம். ஆனால் “நிச்சயம்” என்ற சொல் முழுக்க விதிகளைச் சார்ந்து நிற்கிறது. குறுக்குவழியை முதலில் கற்றவர்கள், விதி மாறிய பிறகும் அதையே சொல்வதை 7ஆம் படியில் காண்பீர்கள்.

“கதவு திறந்தபின் ஏன் என் கதவின் 1/3 உயரவில்லை?” என்று கேட்பவர்களுக்கு ஒரு நேரடி விடை இருக்கிறது. கார் 1இல் இருந்தால் 3 திறக்கும் வாய்ப்பு 1/2. கார் எங்கே என்று தெரியாத நிலையில், மொத்தமாக 3 திறக்கும் வாய்ப்பும் 1/2. இரண்டும் சமமாக இருப்பதால், 3 திறந்தது என்ற செய்தி 1ஆம் கதவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. 2ஆம் கதவுக்கோ, கார் அங்கிருந்தால் 3 திறக்கும் வாய்ப்பு 1. அது 1/2ஐப் போல இரண்டு மடங்கு, ஆகவே 2ஆம் கதவின் 1/3 இரண்டு மடங்காகி 2/3 ஆகிறது.

6. நூறு கதவுகள் வாதத்தைக் கவனமாகக் கையாளுங்கள்

கதவுகள் 100, நீங்கள் ஒன்றைச் சொல்கிறீர்கள், தொகுப்பாளர் ஆடுகள் உள்ள 98 கதவுகளைத் திறந்து ஒன்றை மட்டும் மூடி வைக்கிறார். மாறினால் வெல்லும் வாய்ப்பு 99/100. நம்ப மறுப்பவர்களை இளக்க இது உதவும்.

ஆனால் 100 கதவுகளில் தொகுப்பாளர் ஒன்றை மட்டும் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். மிஞ்சும் 98 கதவுகளுக்கு 99/100 சமமாகப் பங்கிடப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் 99/9800. உங்கள் கதவுக்கு 1/100, அதாவது 98/9800. மாறுவது இன்னும் மேல், ஆனால் மயிரிழையில்.

7. விதியை மாற்றி, மரத்தை மீண்டும் வரையுங்கள்

நீங்கள் புதிரைப் புரிந்துகொண்டீர்களா, விடையை மட்டும் நம்புகிறீர்களா என்பது இங்கே தெரிந்துவிடும். பின்வரும் மூன்று மாற்றங்களுக்கும் 3, 4ஆம் படிகளைத் தனித்தனித் தாள்களில் செய்யுங்கள்.

முதல் மாற்றம்: தொகுப்பாளருக்குக் கார் இருக்கும் இடம் தெரியாது, 2, 3 ஆகியவற்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறார், தற்செயலாக 3இல் ஆடு இருந்தது. இப்போது ஆறு வரிகள் வரும், ஒவ்வொன்றுக்கும் 1/6. 3 திறந்து ஆடு தெரிந்த வரிகள் இரண்டு: கார் 1இல் ஒன்று, கார் 2இல் ஒன்று. விடை 1/2. மேடையில் பார்வையாளர் காணும் காட்சி முன்பு கண்டதேதான், விடை வேறு. கார் 2இல் இருந்தால் 3ஐத் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டதால், 2ஆம் கதவுக்குக் கிடைத்த இரட்டிப்பும் போய்விட்டது.

இரண்டாம் மாற்றம்: தொகுப்பாளருக்கு எல்லாம் தெரியும், ஆனால் இரண்டு கதவுகள் திறக்கத் தகுந்தவையாக இருந்தால் எப்போதும் சிறிய எண்ணையே திறக்கிறார். அவர் 3ஐத் திறந்தால், 2ஐத் திறக்க முடியாமல் போயிருக்கிறது என்று பொருள்; கார் 2இல் இருப்பது உறுதி. அவர் 2ஐத் திறந்தால் கார் 1இல் இருப்பதும் 3இல் இருப்பதும் 1/2. எப்போதும் மாறுபவர் நீண்ட ஓட்டத்தில் வெல்வது இங்கும் 2/3தான், ஆனால் கண்முன் திறந்த கதவைப் பொறுத்து அது 1ஆகவும் 1/2ஆகவும் பிரிகிறது. பொதுவாக, கார் 1இல் இருக்கும்போது அவர் 3ஐத் திறக்கும் வாய்ப்பு கி என்றால், 3 திறந்தபின் மாறி வெல்லும் வாய்ப்பு 1/(1 + கி). கி எதுவாக இருந்தாலும் இது 1/2க்குக் குறையாது. ஆகவே இந்த வகைத் தொகுப்பாளரிடம் மாறுவதால் இழப்பு இல்லை.

மூன்றாம் மாற்றம்: போட்டியாளர் காரைச் சரியாகச் சொன்னால் மட்டுமே தொகுப்பாளர் ஆட்டைக் காட்டி ஆசை மூட்டுகிறார், இல்லையேல் ஆட்டம் அங்கேயே முடிகிறது. மாறும் வாய்ப்பு கிடைத்துவிட்டது என்றாலே கார் உங்களிடம் இருக்கிறது. மாறினால் வெல்லும் நிகழ்தகவு 0.

8. சீட்டுகளை வைத்து ஆடிப் பாருங்கள்

தொகுப்பாளராக இருப்பவர் மற்றவருக்குத் தெரியாமல் பகடையை உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் ஏஸ் இடது பக்கம், 3 அல்லது 4 என்றால் நடுவில், 5 அல்லது 6 என்றால் வலது பக்கம். “மாற்றி மாற்றி வைக்கிறேன்” என்று மனத்தால் வைப்பவர்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைப்பதைத் தவிர்க்கிறார்கள். கூட விளையாடுபவர் சீக்கிரம் அதைக் கண்டுபிடித்துவிடுவார், சோதனை கெட்டுவிடும். போட்டியாளர் ஒரு சீட்டைத் தொட்டபின், தொகுப்பாளர் ஏஸ் அல்லாத ஒரு சீட்டைத் திருப்ப வேண்டும். இரண்டு சீட்டுகளில் எதையும் திருப்பலாம் என்ற நிலை வந்தால் நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்க்கலாம். ஆனால் சுண்டுவதைப் போட்டியாளர் பார்த்தால் ஏஸ் தன் கையடியில் இருப்பதை அறிந்துவிடுவார். எனவே ஒவ்வொரு ஆட்டத்திலும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாணயத்தைச் சுண்டிவிடுங்கள்.

எத்தனை ஆட்டம் ஆடுவது என்பது முக்கியம். பத்து ஆட்டத்தோடு நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் மாறியவரே பாதி அல்லது அதற்கும் குறைவாக வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 21 சதவீதம். ஐந்து இணைகளைப் பத்துப் பத்து ஆட்டம் ஆடச் சொன்னால், அவர்களில் ஓர் இணையாவது “பாதிக்குப் பாதிதான் வந்தது” என்று எழுந்து நிற்பது இயல்பு. அறுபது ஆட்டங்கள் ஆடுங்கள். மாறியவருக்கு எதிர்பார்க்கும் வெற்றி 40, திட்ட விலக்கம் (எதிர்பார்ப்பிலிருந்து வழக்கமாக ஏற்படும் விலகலின் அளவு) ஏறத்தாழ 3.7. ஆகவே 33 முதல் 47 வரை எது வந்தாலும் வியப்பதற்கில்லை. 30க்குக் கீழே போனால் ஏஸை வைத்த முறையைச் சரிபாருங்கள்.

போட்டியாளர் சில ஆட்டங்களில் நின்று சில ஆட்டங்களில் மாறினால் கணக்கு கலங்கிவிடும். அறுபதிலும் மாறச் சொல்லுங்கள். நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதே ஆட்டங்களிலிருந்து தானாகத் தெரியும், ஏனெனில் மாறித் தோற்ற ஒவ்வோர் ஆட்டமும் நின்றிருந்தால் வென்றிருக்கும்.

9. கணினியில் ஓட்டுபவர்களுக்கு

பைதான் நிரல்மொழியில் பத்து வரி போதும், ஆனால் தொகுப்பாளரின் வரியை எழுதும்போது 1ஆம் படித் தாளைப் பக்கத்தில் வையுங்கள். அடிக்கடி பார்க்கும் பிழை இது: திறக்கும் கதவைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பின்னால் கார் வந்துவிட்டால் அந்த ஆட்டத்தை எண்ணாமல் தள்ளிவிடுவது. நிரல் பிழையின்றி ஓடும், விடை 0.5 என்று வரும், எழுதியவர் புதிரே தவறு என்று முடிவு செய்துவிடுவார். அவர் எழுதியது 7ஆம் படியின் முதல் மாற்றத்தை. கார் வரும் ஆட்டங்களைத் தள்ளாமல், திறக்கத் தகுந்த கதவுகளின் பட்டியலை முதலில் உருவாக்கி அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 0.667 வரும்.

ஹங்கேரியக் கணிதவியலாளர் பால் ஏர்டெஷுக்கே விளக்கங்கள் போதாமல் கணினியில் ஆட்டத்தை ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ஆயினும் கணினி எவ்வளவு என்பதைச் சொல்லுமே தவிர ஏன் என்பதைச் சொல்லாது. அதனால்தான் இந்தப் படியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன்.

10. உறவுப் புதிர்கள் இரண்டில் கையைப் பழக்குங்கள்

மார்ட்டின் கார்ட்னர் 1959இல் சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய மூன்று கைதிகள் புதிர்: அ, ஆ, இ மூவரில் ஒருவருக்கு மன்னிப்பு உறுதியாகிவிட்டது, யாருக்கு என்று காவலருக்குத் தெரியும். மற்ற இருவரில் தண்டனை பெறும் ஒருவரின் பெயரைச் சொல்லும்படி அ கேட்க, “ஆவுக்குத் தண்டனை” என்கிறார் காவலர். காவலரின் விதியை எழுதுங்கள்: அவர் பொய் சொல்ல மாட்டார், அவின் பெயரைச் சொல்ல மாட்டார், இரண்டு பெயர்களும் பொருந்தினால் நாணயம் சுண்டி ஒன்றைச் சொல்வார். மரம் வரிக்கு வரி முன்பு வரைந்ததாகவே வரும். அவுக்கு 1/3, இவுக்கு 2/3.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் பெர்ட்ரான் 1889இல் கொடுத்த பெட்டிப் புதிரில் தொகுப்பாளர் என்று யாரும் இல்லை. ஒரு பெட்டியில் இரண்டு பொன் நாணயங்கள், ஒன்றில் இரண்டு வெள்ளி, ஒன்றில் பொன் ஒன்றும் வெள்ளி ஒன்றும். ஏதோ ஒரு பெட்டியிலிருந்து பார்க்காமல் எடுத்த நாணயம் பொன். அதே பெட்டியில் மிஞ்சியிருப்பதும் பொன்னாக இருக்கும் நிகழ்தகவு என்ன? மிஞ்சிய பெட்டிகள் இரண்டு என்று எண்ணினால் 1/2 என்ற பழைய வலையில் விழுவீர்கள். எடைகளை எழுதுங்கள்: பொன்-பொன் பெட்டியிலிருந்து பொன் வருவது 1/3 × 1 = 1/3, கலப்புப் பெட்டியிலிருந்து பொன் வருவது 1/3 × 1/2 = 1/6. கூட்டுத்தொகை 1/2, அதனால் வகுத்தால் விடை 2/3.